பொழுதும் மனமும்



"மனம் சரியில்லை" என்னும் சொற்றொடர் நம்மிடையே இன்று மிகுதியாக வழங்குகின்றது. காய்ச்சல் என்றால் வெப்பமானி வைத்து அளக்கலாம். பல்வலி என்றால் வாயைத் திறந்து காட்டலாம். மனம் சரியில்லை என்பவரிடம் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. கேட்பவரும் "எல்லாம் சரியாய்ப் போகும்" என்று கூறித் தம் வழியே சென்றுவிடுகின்றார். அரசாங்கப் பாடசாலை ஒன்றின் அதிபர் என்ற முறையில் ஆண்டுதோறும் இச்சொற்றொடரைப் பலர் வாயிலாகக் கேட்டு வருகின்றேன். லீவு விண்ணப்பத்தை நீட்டும் ஆசிரியை கூறுகின்றார். மகனுடைய வரவு குறைந்ததற்கு விளக்கம் தர வந்த தந்தை கூறுகின்றார். உயர்தர வகுப்பில் மூன்றாம் வரிசையில் அமர்ந்து சாளரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் மாணவனும் கூறுகின்றான். இவர்களுள் வைத்தியரிடம் போகவேண்டியவர் சிலரே. ஏனையோரை நோயாளர் என்று கூற இயலாது; நலமாக இருக்கின்றனர் என்றும் கூற இயலாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அந்த நிலையைப் பற்றியே இன்று உங்களோடு பேச விழைகின்றேன்.

நான் வைத்தியன் அல்லேன், கலைப் பட்டதாரி. ஆகவே எனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குகின்றேன். நாளொன்றினை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்துக் கண்டது நம் இலக்கண மரபு. வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என்பன அவை. ஒவ்வொன்றும் பத்து நாழிகை. இன்றைய கணக்கில் நான்கு மணித்தியாலம். தொல்காப்பியப் பொருளதிகாரத்தைப் பரீட்சைக்காகப் படித்தவர்கள் இப்பட்டியலை மனனம் செய்திருப்பர். பரீட்சை முடிந்த மறுநாளே மறந்தும் இருப்பர். ஆனால், அப்பட்டியலோடு சேர்த்துச் சொல்லப்பட்ட மற்றொன்றைச் சற்றே எண்ணிப் பாருங்கள். மாலைப் பொழுதோடு காத்திருத்தலைச் சேர்த்தனர். சூரியன் சாயும் எற்பாட்டோடு இரங்கலைச் சேர்த்தனர். நண்பகலோடு பிரிவையும், யாமத்தோடு கூடலையும், வைகறையோடு ஊடலையும் வைத்தனர். பொழுதுக்கும் உணர்ச்சிக்கும் உறவு உண்டு என்பதனைக் கவிதைக்கு இலக்கணம் வகுத்த காலத்திலேயே நம்மவர் உணர்ந்திருந்தனர் என்று இதனாற் கொள்ளலாம்.

நம் அனுபவமும் அதுவே. இரவு பதினொரு மணிக்கு மலைபோலத் தோன்றிய கவலை, விடிந்தபின் கிணற்றடியில் முகம் கழுவும்போது சிறு குன்றாகக் குறைந்துவிடுகின்றது. கவலைக்குரிய காரியம் மாறவில்லை, மாறியது பொழுதுதான். அப்படியாயின், மனத்தை நேரே பிடித்து மாற்ற முயல்வதைவிட, பொழுதை நாம் கழிக்கும் முறையிற் சிறிதளவு மாற்றம் செய்து பார்ப்பது எளிதன்றோ? மனம் கைக்கு அகப்படாத பொருள். பொழுதோ நம் கைக்கு எட்டியது.

இங்கே நம்மிடம் உள்ள ஒரு பழக்கம் குறுக்கே நிற்கின்றது. "மனம் வந்தாற் செய்வேன்" என்று கூறுவது நம் வழக்கம். மனம் முன்னே வரும், செயல் பின்னே வரும் என்பது இதன் கருத்து. அமெரிக்க உளவியலறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1884 ஆம் ஆண்டிலேயே இவ்வொழுங்கைத் தலைகீழாக மாற்றிக் காட்டினார். உடலில் மாற்றம் நிகழ்கின்றது. அம்மாற்றத்தை நாம் உணர்வதே உணர்ச்சி என்பது அவர் கொள்கை. அது முழுவதும் சரியெனப் பின்வந்தோர் ஏற்கவில்லை. எனினும், செயலானது மனத்திற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்னும் அளவில் அவர் காட்டிய வழி வீணாகிவிடவில்லை.

1970களில் ஒறிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீற்றர் லூயின்சன் என்பவர் இதனை மேலும் ஆராய்ந்தார். சோர்வுற்ற மனிதன் என்ன செய்கின்றான்? முதலில் நண்பர்களைக் காண்பதை நிறுத்துகின்றான். பின்பு கோயிலுக்கோ வாசிகசாலைக்கோ போவதை நிறுத்துகின்றான். பின்பு தலை வாருவதும் தாடி மழிப்பதும் தள்ளிப் போகின்றன. இவை ஒவ்வொன்றும் முன்னர் அவனுக்குச் சிறிதளவு மகிழ்ச்சியோ, ஒரு காரியத்தை முடித்தோம் என்ற நிறைவோ தந்தவை. அவை நின்றதும் அந்த வரவும் நின்றுவிடுகின்றது. வரவு நின்றதால் சோர்வு கூடுகின்றது. சோர்வு கூடியதால் இன்னும் ஒன்றை நிறுத்துகின்றான். செக்கு மாடு போலச் சுற்றும் இச்சுழற்சியை எங்கேனும் ஓரிடத்திற் தடுக்க வேண்டும். எண்ணத்தின் பக்கத்திலிருந்து தடுப்பதைக் காட்டிலும் செயலின் பக்கத்திலிருந்து தடுப்பது கைகூடும் என்பதே அவருடைய வழி.

லூயின்சனும் அவருடைய கூட்டாளியும் மனிதருக்கு இன்பம் தரக்கூடிய செயல்கள் என்று 320 செயல்களைப் பட்டியலிட்டனர் என அறியும்போது நமக்குச் சிரிப்பு வரலாம். இன்பத்திற்கும் ஓர் அட்டவணையா என்று கேட்கத் தோன்றும். அப்பட்டியலை நம் நாட்டிற்கு எழுதினால் எவ்வாறிருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. முதல் மழைக்குப்பின் முற்றத்தில் நிற்றல். கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றல். பனங்கிழங்கு கிழித்துத் தின்றல். சந்தையில் மீன் விலை கேட்டு வாங்காமல் திரும்பல். கடைசியாகச் சொன்னது இன்பமா என்று ஐயுறுவோர் எங்கள் ஊர்ச் சந்தைக்கு ஒருநாள் வந்து பார்க்கட்டும்.

இவ்வழி பின்னர் வளர்ந்து ஒரு சிகிச்சை முறையாகவே ஆயிற்று. நமக்கு அண்மையிலே, இந்தியாவின் கோவா மாநிலத்தில் அது பரிசோதிக்கப்பட்டது. விக்ரம் பட்டேல் என்ற மனநல மருத்துவரும் அவருடன் சேர்ந்தோரும் அதனை நடத்தி, 2017 ஆம் ஆண்டில் லான்செற் என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டனர். பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களுள், கடுமையான மனச்சோர்வு கொண்ட 495 பேர் அதிற் பங்குபற்றினர். ஒரு சாராருக்கு வழமையான சிகிச்சை மட்டும் அளிக்கப்பட்டது. மற்றொரு சாராருக்கு அதனோடு ஆறு முதல் எட்டு முறை வரையிலான உரையாடல் சேர்க்கப்பட்டது. உரையாடியவர்கள் வைத்தியர்களுமல்லர், உளவியற் பட்டம் பெற்றவர்களுமல்லர். அவ்வூர்களிலிருந்தே தெரிந்து பயிற்றப்பட்ட சாதாரண மனிதர்கள். நாளை என்ன செய்யப் போகின்றீர்கள், எத்தனை மணிக்குச் செய்வீர்கள், சென்ற வாரம் செய்ததில் எது மனத்திற்கு இதமாயிருந்தது என்பன போன்றவையே அவர்களுடைய பேச்சின் சாரம். மூன்று மாதத்தின் முடிவில், வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுள் நூற்றுக்கு 39 பேர் சோர்விலிருந்து மீண்டிருந்தனர். உரையாடலையும் பெற்றவர்களுள் மீண்டவர்கள் நூற்றுக்கு 64 பேர்.

கடும் நோயிற் கிடந்தவர்களுக்கே இது உதவியதாயின், நோயென்று கூற இயலாத நம் அன்றாடச் சோர்வுக்கும் உதவும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை.

எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் ஒரு தாயாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. கணவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. இரு பிள்ளைகள் ரொறன்ரோவில், ஒருவர் லண்டனில். வடபகுதியின் எந்த ஒழுங்கையிலும் இப்படி ஒரு வீட்டைக் காணலாம்: ஆறு அறை, ஓர் ஆள், நான்கு பூட்டு. மூத்த மகள் தம் வேலைத்தலத்தில் மதிய உணவு இடைவேளையின்போது தாயாரை அழைப்பது வழக்கம். அங்கே நண்பகல் பன்னிரண்டு என்றால், அவர்களுடைய குளிர்காலத்தில் இங்கே இரவு பத்தரை. பேசி முடிந்தபின் தாயாருக்கு உறக்கம் வருவதில்லை. பேரப்பிள்ளைகளின் படங்களைக் கைத்தொலைபேசியில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டு நள்ளிரவுக்கு அப்பாலும் விழித்திருப்பார். விடிந்து எட்டு மணியாகியும் எழமாட்டார். முன்னெல்லாம் வைகறையிற் பூப்பறித்துக் கோயிலுக்குக் கொடுத்து வந்தவர் அதனைக் கைவிட்டார். ஒருவருக்கென்று உலை வைப்பானேன் என்று பாணோடு பொழுதைக் கழித்தார். பிற்பகலில் எவரேனும் படலையைத் திறந்தால், அவர் கண் கலங்கியிருப்பதைக் காணலாம். "தம்பி, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால், ஒன்றும் பிடிக்குதில்லை" என்பார். வைத்தியர் இரத்த அழுத்தமும் சீனியும் பார்த்தார். இரண்டும் அந்த வயதிற்கு ஏற்ற அளவில் இருந்தன.

அத்தாயாரின் நாள் ரொறன்ரோவின் கடிகாரத்தின்படி நடந்துகொண்டிருந்தது என்பதனை முதலில் உணர்ந்தவர் விடுமுறைக்கு வந்த அந்த மகளேதான். அவர் தாயாருக்கு உபதேசம் எதுவும் செய்யவில்லை. தம் அழைப்பின் நேரத்தை மட்டும் மாற்றினார். மதிய இடைவேளை அழைப்பை விடுத்து, வேலை முடிந்து வீடு திரும்பியபின் அங்கே இரவு ஏழு மணிக்கு அழைக்கத் தொடங்கினார். அவர்களுடைய கோடை காலத்தில் எட்டு மணிக்கு. இங்கே அது காலை ஐந்தரை. ஒரு நிபந்தனையும் விதித்தார்: படுக்கையிற் கிடந்தபடி பேசலாகாது; முற்றத்திலே நின்று பேச வேண்டும், பேரன் கோழிகளைப் பார்க்க வேண்டுமாம். கோழி காட்ட வெளியே வந்தவர் செவ்வரத்தையையும் நந்தியாவட்டையையும் காட்டினார். காட்டிய பூவைப் பறிக்காமல் விட மனமில்லை. பறித்த பூவைக் கோயிலிற் கொடுக்காமல் வைத்திருக்க முடியுமா? கோயிலுக்குப் போனால் நாலு பேரைக் காணாமல் வர முடியுமா? ஒரு தொலைபேசி அழைப்பு ஏழு மணித்தியாலம் இடம் மாறியது; அதன் பின்னால் ஒரு முழு நாள் இடம் மாறிற்று.

அத்தாயாரின் துயரம் தீர்ந்துவிட்டது என்று நான் கூறவில்லை. பிள்ளைகள் இன்னும் அங்கேயேதான் இருக்கின்றனர். பிற்பகல் இன்னும் அவருக்குக் கனமான பொழுதுதான். ஆயினும், இப்போது வீட்டிற் புகை எழுகின்றது, சோறு வேகின்றது. போகும்போது எனக்கும் ஒரு கிண்ணம் கறி வருவதுண்டு.

அந்த மாற்றத்திற் பாதி, பேச்சினால் வந்தது. மற்றப் பாதி, வெளிச்சத்தினால் வந்தது என்பது என் எண்ணம். நம் உடலினுள்ளே ஒரு கடிகாரம் உண்டு. அது ஓடும் விதத்தைப் பழ ஈக்களில் ஆராய்ந்து கண்டறிந்தமைக்காக ஜெஃப்ரி ஹோல், மைக்கேல் ரொஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017 ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு வழங்கப்பட்டது. அக்கடிகாரம் நாள்தோறும் சிறிது பிசகும் இயல்புடையது. அதனைத் திருத்தி வைப்பது காலை வெளிச்சம். கண்ணின் வழியே புகும் அவ்வெளிச்சம், இது பகல் என்று மூளைக்கு அறிவிக்கின்றது. அன்றிரவு உறக்கம் எப்போது வரவேண்டும் என்பதையும் அப்போதே ஓரளவு தீர்மானித்துவிடுகின்றது.

வீட்டினுள்ளே மின்விளக்கின் கீழ் நமக்குக் கிடைப்பது சில நூறு லக்ஸ் ஒளியே. மழைக்கார் மூடிய நாளிற்கூட முற்றத்தில் ஆயிரக்கணக்கான லக்ஸ் ஒளி உண்டு. நல்ல வெயிலில் அது ஓர் இலட்சத்தை எட்டும். இவ்வளவு பெரிய வேறுபாட்டை நாம் உணராமலிருப்பதற்குக் காரணம், கண் ஒளியின் அளவுக்கேற்பத் தன்னைப் பொருத்திக்கொண்டு நம்மை ஏமாற்றிவிடுவதேயாம். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் குளிர்காலத்தின் நீண்ட இரவுகளினால் வரும் மனச்சோர்வை நோர்மன் றோசென்தால் என்பவர் 1984 இல் விவரித்தார். நமக்கு அக்கவலை வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணித்தியாலமே. ஆனால், இயற்கை தராத குளிர்காலத்தை நாமே வீட்டினுள் ஆக்கிக்கொண்டோம். நடுவே வானம் தெரியும் முற்றத்தை வைத்து நாற்புறமும் வீடு கட்டினர் நம் பாட்டன்மார். இன்று நாற்சார் வீட்டை இடித்துவிட்டு, மேலே தட்டும் சுற்றிலும் உயர்ந்த மதிலும் யன்னலுக்குத் தடித்த திரையும் இட்டு, பகலில் விளக்கெரிக்கின்றோம்.

கடிகாரத்தை மாற்றினால் உடலும் மாறிவிடும் என்று எண்ணுவோர்க்கு நம் நாடே ஒரு பாடம் கற்பித்திருக்கின்றது. மின்சாரத் தட்டுப்பாட்டை முன்னிட்டு 1996 மே மாதத்தில் இலங்கையின் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தப்பட்டன. அதே ஆண்டு ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் பின்னே வந்தன. மற்ற அரை மணித்தியாலம் 2006 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டை அடுத்தே திரும்பி வந்தது. பழைய நேரம், புதிய நேரம் என்று அழைப்பிதழ்களில் அச்சிட்ட காலத்தை நடுவயதினர் மறந்திருக்கமாட்டார்கள். வன்னியில் ஒரு நேரமும் அதற்கு வெளியே இன்னொரு நேரமும் வழங்கின. நான் அப்போது இளம் ஆசிரியன். பிள்ளைகள் மங்கிய இருளிற் புறப்பட்டு வருவர். முதற் பாடவேளையில் வரவு இருக்கும், கவனம் இராது. அவர்களைச் சோம்பேறிகள் என்று கடிந்தவர்களும் உண்டு. சட்டம் கடிகார முள்ளை நகர்த்திற்று. சூரியனோ எந்தச் சுற்றறிக்கையையும் வாசிப்பதில்லை.

வைகறையைப் பற்றி இவ்வளவு கூறினேன். எங்கள் தொழிலில் உள்ளோர்க்கு மெய்யாகவே இடர் தரும் பொழுது எற்பாடு. பாடசாலை ஒன்றரை மணிக்கு முடிகின்றது. தொலைவிலிருந்து பஸ்ஸில் வரும் ஆசிரியை வீடு சேர மூன்று மணி. வெயிலும் பசியும் சேர்ந்து, உண்டவுடன் கட்டிலிற் சாய்த்துவிடுகின்றன. அரை மணித்தியாலத்திற்குள் எழுந்தால் அது ஓய்வு. அதற்கு மேல் நீண்டால், எழும்போது தலை கனத்து, மனமும் காரணமின்றிக் கசந்திருக்கும். கையிற் தொலைபேசியும் இருந்துவிட்டால் விளக்கு வைக்கும் வரை அப்படியே கழிந்துவிடும். பிள்ளைகளின் எற்பாடோ தனியார் வகுப்புகளுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டது. ஐந்து முதல் பதினேழு வயது வரையிலானோர் நாளொன்றுக்குச் சராசரி ஒரு மணித்தியாலமேனும் உடலை அசைத்து ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலிற் கூறுகின்றது. அந்த ஒரு மணித்தியாலம் எங்கே என்று தேடினால், ஓலைக் கொட்டிலின் கீழ், வாங்கில், நெருக்கமாக உட்கார்ந்திருப்பதைக் காணலாம். புலமைப்பரிசிற் பரீட்சைக்குப் படிக்கும் பத்து வயதுப் பிள்ளை "எனக்கு அலுப்பாய் இருக்கு" என்று கூறும்போது, அதனை நான் பிள்ளையின் குறையாகக் கருதுவதில்லை.

இனி, மாற்றம் செய்யும் முறையைப் பற்றிச் சில வார்த்தை. பத்திரிகைகளில் இன்று நல்வாழ்வுக்குப் பத்துக் கட்டளைகள், இருபது கட்டளைகள் என்று வருகின்றன. நாலு மணிக்கு எழுக, தியானம் செய்க, ஓடுக, பச்சைக்கீரை உண்க என நீளும். இவற்றை வாசித்து முடிக்கும்போதே மனிதன் களைத்துவிடுகின்றான். ஏற்கெனவே சோர்ந்தவனிடம் பத்துக் காரியம் கேட்பது, கடனிற் தவிப்பவனிடம் நன்கொடைப் பத்திரம் நீட்டுவது போன்றது. ஒன்றே போதும். அதுவும், பிறர் கேட்டாற் சிரிக்கும் அளவுக்குச் சிறியதாய் இருக்கட்டும். காலைத் தேநீரைத் தொலைக்காட்சிக்கு முன்னே குடிப்பவர், அதே தேநீரை வாசற்படியில் நின்று குடிக்கலாம். புதிதாக ஒன்றும் செய்யவில்லை. நின்ற இடம் மட்டும் மாறிற்று. கடைக்குப் பிள்ளையை ஏவுபவர் வாரத்தில் இரண்டு நாள் தாமே நடந்து போகலாம். விறாந்தையிற் சுவரைப் பார்த்துக் கிடக்கும் சாய்மனைக் கதிரையைத் தெருவைப் பார்க்கத் திருப்பிப் போடலாம். ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் அவ்வாறு திருப்பிப் போட்டபின், நாளுக்குப் பத்துப் பேராவது "என்ன ஐயா, சுகமோ?" என்று கேட்டுப் போகின்றனர். அவருக்கும் பத்து முறை "சுகம்" என்று விடை சொல்ல வேண்டியிருக்கின்றது.

அச்சிறு மாற்றத்தை ஏற்கெனவே நடந்துவரும் ஒரு செயலோடு கட்டிவிடுதல் நல்லது. "நேரம் கிடைத்தால் நடப்பேன்" என்பவர் நடக்கமாட்டார். "பின்னேரத் தேநீர்க் கோப்பையைக் கழுவி வைத்ததும் சந்தி வரை நடப்பேன்" என்பவர் நடப்பார். கோப்பை கழுவுவது அவருக்கு நினைவுமணி. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவர் குழுவினரும் 96 பேரை இவ்வாறு ஒவ்வொரு புதுப் பழக்கத்தை மேற்கொள்ளச் செய்து 2010 இல் முடிவை வெளியிட்டனர். பழக்கம் தானாக நடக்கும் நிலையை எட்டுவதற்கு நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாளே போதியதாயிற்று. வேறு சிலருக்கு 250 நாளுக்கு மேலும் ஆகும் என்று கணித்தனர். இடையில் ஒருநாள் தவறியதால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதையும் அவர்கள் கண்டனர். விரதம் ஒருநாள் தவறினால் முழுவதும் பழுது என்று எண்ணும் நம்மவர்க்கு இச்செய்தி ஆறுதலாக இருக்கும். செவ்வாய்க்கிழமை மழை, நடக்கவில்லை. புதன்கிழமை கோப்பை கழுவாமலா இருக்கப் போகின்றோம்?

ஒரு வாரம் செய்து பார்த்து, கொப்பியில் இரண்டு சொல் எழுதி வைப்பது பயனுடையது. என்ன செய்தோம், அதன்பின் மனம் எப்படியிருந்தது என்னும் அளவில் எழுதினாற் போதும். தமக்கு எது இதமளிக்கும் என்பது தமக்கே தெரியும் என்று எல்லோரும் நினைக்கின்றனர். கொப்பி வேறு விதமாகக் கூறுவதுண்டு. இரண்டு மணித்தியாலம் பார்த்த தொடர் நாடகத்தின் கீழே "அலுப்பு" என்றும், வேலியில் ஒரு கதியாலை நட்டதன் கீழே "பரவாயில்லை" என்றும் நம் கையெழுத்திலேயே இருக்கும்.

இவ்வளவும் கூறியபின், கூறியதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். தேநீரை வாசலில் நின்று குடிப்பதால் அடகு வைத்த நகை மீளாது. 2022 ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக இரவு பகலாக வரிசையில் நின்றவரிடம் போய், காலை வெளிச்சம் மனத்திற்கு நல்லது என்று கூறியிருந்தால் அவர் என்ன கூறியிருப்பார் என்பது எனக்குத் தெரியும். இந்நாட்டில் யுத்தத்திற் பிள்ளையை இழந்தவரும், 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையிற் குடும்பத்தையே இழந்தவரும் உள்ளனர். அவர்களுடைய துயரத்தைப் பழக்க மாற்றம் என்னும் சிறு கரண்டியால் இறைத்துவிட முடியாது. அத்தகையோருக்கும் நாளொன்றுக்கு ஆறு பொழுது உண்டு. அவற்றுள் ஒன்றேனும் சற்று இலேசாகலாம் என்பதற்கு மேல் நான் சொல்லத் துணியேன்.

நோயை வேறு பிரித்து அறிதலும் வேண்டும். எந்நாளும், நாளின் பெரும்பகுதியும், சோர்வு இரண்டு வாரத்திற்கு மேலாக நீங்காதிருந்தால், உறக்கமும் உணவும் கெட்டால், முன்னர் விரும்பியது எதுவும் விருப்பம் தராவிட்டால் வைத்தியரிடம் செல்ல வேண்டும். உயிரை வெறுக்கும் எண்ணம் தலைகாட்டினால் இரண்டு வாரம் பார்த்திருத்தலும் கூடாது; அன்றைக்கே செல்ல வேண்டும். தேசிய மனநல நிறுவகம் 1926 என்னும் இலக்கத்தில் ஓர் ஆலோசனைத் தொலைபேசிச் சேவையை நடத்திவருகின்றது. அந்த இலக்கத்தை வீட்டு நாட்காட்டியின் ஓரத்தில் எழுதி வைப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பாம்புக்கடி வைத்தியரின் வீடு எது என்று தெரிந்து வைத்திருந்த ஊர்கள்தாமே நம்முடையவை.

வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. சோர்ந்திருப்பவரிடம் நாம் பெரும்பாலும் ஏவல் வினையிலேயே பேசுகின்றோம். "எழும்பு," "நட," "சும்மா யோசியாதே," "நாலு பேரோடு பழகு." இலக்கணப்படி பிழையில்லாத வாக்கியங்கள், பயன்தான் இல்லை. நம் மொழியிற் கேட்போரையும் உளப்படுத்தும் பன்மை ஒன்று உண்டு. "நடந்தால் நல்லது" என்று பத்து முறை கூறிய கணவர், ஒருநாள் சேட்டை மாட்டிக்கொண்டு, "வாரும், கடைக்குப் போய்வருவோம், நல்ல முருங்கைக்காய் எதுவென்று எனக்குப் பார்க்கத் தெரியாது" என்று கூறினால், அந்த அம்மையார் செருப்பைத் தேடத் தொடங்குவார். முருங்கைக்காயைப் பற்றி வழிநெடுக அவருக்குச் சொல்ல நிறைய இருக்கும்.